மண்ணுக்கு ஒரு வாய் தயிர்

நிலத்தை யார் உழுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் வரப்பில் போய் நின்று பார்த்தால் போதும். ஆனால் வரப்பில் நின்றால் செருப்பில் சேறு ஒட்டும். அதனால் தஞ்சாவூரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கமே பதிந்து கொடுக்கும் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. ஜில்லா முழுக்க மிராசுதாரர்களும் மடங்களும், எங்கள் நிலத்தில் குத்தகைக்காரன் என்று ஒருவனே கிடையாது, எல்லாம் சொந்தப் பண்ணை என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சாகுபடி செய்தவன், அந்தப் பக்கம் பட்டா வைத்திருந்தவன், நடுவில் தாசில்தார். இரு தரப்பும் சாட்சி கொண்டுவந்தார்கள். சாட்சிகள் இரு தரப்பிலும் கைநனைத்தார்கள். தாசில்தார்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. அப்போதுதான் சென்னையில் யாரோ ஒரு பெரிய மண்டைக்கு அந்த யோசனை உதித்தது. மனிதர்களைக் கேட்டால் பொய் சொல்கிறார்கள், மண்ணையே கேட்டால் என்ன? மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடி கோடியாகக் குடியிருக்கின்றனவாம். நெல் வயலில் ஒரு கூட்டம், தோப்பில் ஒரு கூட்டம், மாடு மேய்கிற தரையில் வேறொரு கூட்டம். அவற்றை வகை பிரித்துவிட்டால் நிலம் எந்த நிலம் என்று தெரிந்துவிடும். நிலம் எதுவென்று தெரிந்தால் அதற்குச் சட்டம் செல்லுமா என்பதும் தெரிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிற யோசனைகளை எல்லாம் முதலில் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இறக்குவார்கள்.

இப்படியாக மண்ணுயிர் வகைப்பாட்டுத் தனி அலுவலகம் பிறந்தது. மேஜைகள் நிறைய, நுண்ணோக்கி ஒன்று.

திருவையாற்றுக்குக் கிழக்கே வேலங்கரம்பை என்ற ஊரில் உத்திராபதி, பொற்பிரம்பு மடத்து நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார். அவருடைய அப்பா செய்த அதே வயல். மடத்துக் காரியஸ்தர் காயாரோகணம் பிள்ளை அரிவாள் எடுக்கிற ஆள் இல்லை. வெற்றிலைப் பெட்டியோடு வந்து சிரித்தபடியே கழுத்தை அறுப்பார்.

“உத்திராபதி, சம்பா நடவுக்குள்ள உன் பேரு பதிவுல ஏறணும். ஏறலைன்னா மடத்து ஏரு உன் வயல்ல இறங்கிடும். அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது.”

நாற்றங்காலில் நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. மேட்டூர் திறந்து தண்ணீரும் வந்துவிட்டது. அந்த வயல் போனால் உத்திராபதிக்குப் போக்கிடம் கிடையாது. தன் ஊரிலேயே இன்னொருவன் வயலில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டார். வயலில் ஒரு பிடி மண் எடுத்து, சுத்தமான பாத்திரத்தில் அலுவலகத்துக்குக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது. உத்திராபதி மண்ணை எடுத்துத் தூக்குவாளியில் போட்டு மூடப் போனார். அவர் மனைவி ராஜம்மாள் குறுக்கே வந்தாள்.

“இருங்க. நல்ல காரியத்துக்குப் போவுது. வெறும் வயித்தோடயா அனுப்புறது?”

ராஜம்மாள் பிறந்த வீட்டில் அது ஒரு வழக்கம். பரீட்சைக்கோ, பெண் பார்க்கவோ, கோர்ட்டுக்கோ, யார் படி இறங்கினாலும் ஒரு வாய் தயிர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அவளுடைய தம்பி அப்படித் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போய்த்தான் பஸ் கண்டக்டர் ஆனான். இந்த வீட்டிலேயே பெரிய பரீட்சை எழுதப் போவது இன்றைக்கு இந்த மண்தான் என்று அவளுக்குப் பட்டது. தயிர்க்காரியிடம் வாங்கி உறியில் வைத்திருந்த சட்டியை இறக்கி, கெட்டித் தயிராக ஒரு கரண்டி எடுத்து மண்ணின் தலையில் ஊற்றினாள். திருநீறும் இட்டாள்.

“போயிட்டு நல்ல சேதியோட வா” என்று மண்ணிடம் சொன்னாள். உத்திராபதி வாளியை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

அலுவலகத்தில் தனி அலுவலர் ரெங்கசாமி வீற்றிருந்தார். கால் நூற்றாண்டு காலம் பத்திரப் பதிவுத் துறையில் இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். ஆட்சி மாறியதும் நெற்றியிலிருந்த நாமத்தை அழித்துவிட்டு, நாமக்கட்டியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டவர். ஆட்சிகள் மறுபடியும் மாறலாம் அல்லவா? அவர் பாக்டீரியாவைப் பார்த்ததில்லை. ஆனால் பதிவுக்கு வருகிற யாரையும் அவர் சும்மா விட்டதில்லை.

“இதுக்குச் சொந்த ஊர் எது?”

“வேலங்கரம்பைதாங்க.”

“அது நிலத்துக்கு. இதுல குடியிருக்கற பாக்டீரியாவுக்கு?”

உத்திராபதி யோசித்தார். “வருஷா வருஷம் ஆத்துத் தண்ணியோட வண்டல் வருதுங்க. அதுல வந்திருக்கலாம்.”

“ஆறு எங்கேருந்து வருது?”

“குடகுலேர்ந்துங்க.”

ரெங்கசாமியின் பேனா நின்றது. “அப்ப வெளி மாநிலம். தண்ணி விடறதுக்கு மட்டும் ஆயிரம் பேச்சுப் பேசறான். இதை மட்டும் கேக்காமலே அனுப்பி வைக்கிறான்.” கோப்பில் சிவப்பு மையால் ‘எல்லை தாண்டி வந்தவை, கண்காணிக்கவும்’ என்று எழுதினார்.

ஜெயா என்ற பெண்தான் அங்கே நுண்ணோக்கி பார்ப்பவள். கும்பகோணம் கல்லூரியில் படித்துவிட்டு வந்த புதுசு. மண்ணைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“சார், உருண்டை இல்ல, சுருள் இல்ல. கோல் மாதிரி இருக்கு. ஊதாச் சாயத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு.”

“தகப்பனார் பெயர்?”

“பாக்டீரியாவுக்கு அப்பா கிடையாது சார். ஒண்ணு ரெண்டாப் பிரியும். ரெண்டுல எது அப்பா, எது பிள்ளைன்னு சொல்ல முடியாது.”

“பிரியுதா?” ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாகப்பிரிவினைப் பத்திரம் போடுதா?”

“இல்ல சார்.”

“எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் பிரியுது?”

“வருஷம் இல்ல சார். நல்ல சாப்பாடு கிடைச்சா மணிக்கு ஒருதரம்கூடப் பிரியும்.”

ரெங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “மணிக்கு ஒரு பாகப்பிரிவினை. ஒத்தைப் பத்திரம் பதியலை. ஒரு முத்திரைத்தாள் வாங்கலை. இந்த நாடு எப்படிம்மா முன்னேறும்?”

அவர் படுகிற வேதனை உத்திராபதிக்குப் பொறுக்கவில்லை. “எங்க விவசாய சங்கமும் இப்படித்தாங்க பிரிஞ்சுக்கிட்டே இருக்கு. அதுவும் பத்திரம் இல்லாமதாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

ஜெயா இன்னொரு முறை பார்த்தாள். “சார், வயல் மண்ணுல நூறு வகை கலந்து இருக்கணும். இதுல ஒண்ணுதான் ராஜா மாதிரி நிக்குது. தயிர்ல இருக்கறது மாதிரியே இருக்கு.”

“மாதிரிங்கற வார்த்தை அரசாங்கத்துல கிடையாது. ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு.”

“ஆமா சார்.”

ரெங்கசாமி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தயிர் வகைப் பாக்டீரியா மிகுந்த நிலம் பால்பண்ணை நிலம். பால்பண்ணை நிலத்துக்குக் குத்தகைச் சட்டம் செல்லாது. “மனு தள்ளுபடி. ஏன்யா, பால்பண்ணையை வெச்சுக்கிட்டு நெல்லு போடறேன்னு அரசாங்கத்தையே ஏமாத்தப் பாத்தியா?”

உத்திராபதி கையெடுத்துக் கும்பிட்டார். “அய்யா, எங்க வூட்ல ஒரு ஆடுகூடக் கிடையாதுங்களே!”

“நீ சொல்லாதய்யா. மண்ணு சொல்லிடுச்சு.”

வாசல் பக்க அறையில் பெயர்சூட்டுக் குழு இருந்தது. இரண்டு புலவர்கள். பாக்டீரியாக்களுக்கு வேற்று மொழிப் பெயர் கூடாது என்று அவர்களை நியமித்திருந்தார்கள். உருண்டையானவற்றுக்கு உருளன், கோல் போன்றவற்றுக்குக் கோலன், சுருண்டவற்றுக்குச் சுருளன் என்று பெயர் வைத்துவிட்டு வேலையில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நெல் வயலில் தயிர்ப் பாக்டீரியா என்றதும் இருவரும் துள்ளி எழுந்தார்கள். உலகத்தில் எங்கேயும் கேள்விப்படாத சங்கதி! ஒரு புலவர் அதற்குச் செந்தமிழ்க் கோலன் என்று பெயரிட்டார். இன்னொருவர், கடல்கோளுக்கு முன்பே தமிழன் இதை வளர்த்திருக்கிறான் என்று அங்கேயே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். ரெங்கசாமி சென்னைக்குத் தந்தி கொடுத்தார்.

சேதி மடத்துக்கு எட்டியதும் காயாரோகணம் பிள்ளைக்கு நிலைகொள்ளவில்லை. உத்திராபதி வயல் பால்பண்ணை என்றால் பக்கத்து வயல்? அதற்கும் பக்கத்து வயல்? ஒரே வாய்க்கால், ஒரே மண். பொற்பிரம்பு மடத்து நிலம் அத்தனையும் பால்பண்ணையே என்று மனுப் போட்டார். ரெங்கசாமி மகிழ்ந்துபோய், புதிதாக ஒரு பிடி மண்கூட எடுக்காமல், ‘ஒரே இனம்’ என்று முத்திரை குத்தினார். ஒரே கையெழுத்தில் மடத்துக் குத்தகைக்காரர்கள் எல்லாரும் ஆவியாகிவிட்டார்கள். காயாரோகணம் அன்று மடத்தில் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்.

பொங்கல் இறங்குவதற்குள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் அடுக்கடுக்காகப் பால் கேன்கள்.

அந்த நாளில் நெல்லுக்கு லெவி உண்டு. விளைந்ததில் ஒரு பங்கை அரசாங்கத்துக்கு அளந்துவிட வேண்டும். அதேபோல பால்பண்ணை நிலத்துக்குப் பால் லெவி என்று விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கடைசிப் பக்கம் வரை படிக்கிற வழக்கம் காரியஸ்தருக்கு இல்லை.

“இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு பால். தினமும் காலையில ரெடியா இருக்கணும்” என்றார் லாரியில் வந்த அதிகாரி.

மடத்தில் இருந்தது ஒரே ஒரு பசு. அதுவும் கறவை நின்று, பெரிய சுவாமிகள் காலையில் முகம் விழிப்பதற்காக மட்டும் வைத்திருந்த பசு. காயாரோகணம் ஊர் ஊராகப் பால் வாங்கினார். திருவையாற்றுக் கடைகளில் எல்லாம் கடுங்காப்பிதான் கிடைத்தது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்குப் பால் கொடுக்க வழியில்லாமல் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படியும் கேன் பாதிதான் நிறைந்தது. மீதிக்கு அபராதம் என்றார்கள். சரி, நிலத்தை உழுதாவது ஏதாவது பார்க்கலாம் என்று மடத்து ஏரை ஓட்டிக்கொண்டு போனால், பால்பண்ணை நிலத்தில் ஏர் இறக்குவது குற்றம் என்று ரெங்கசாமி வரப்பில் பலகை நட்டிருந்தார்.

உத்திராபதியாலும் உழ முடியவில்லை, மடத்தாலும் உழ முடியவில்லை. பொன்னாகப் போகிற தண்ணீர் வயலைத் தொடாமல் வாய்க்காலோடு ஓடியது. நாற்று வயசு தாண்டி முற்றிக்கொண்டிருந்தது. உத்திராபதி தினமும் போய் நாற்றங்கால் ஓரத்தில் குந்தி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கல்யாண வயசு தாண்டுகிற பெண்ணை வீட்டில் வைத்திருப்பவனின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

ஒரு காலையில் காயாரோகணம் பிள்ளை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெற்றிலைப் பெட்டி இல்லை, சிரிப்பும் இல்லை.

“உத்திராபதி, நீ நெல்லுதானேப்பா போட்டே? உங்கப்பன் போட்டதும் நெல்லுதானே? எங்கூட வந்து அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

“நான் சொன்னா எடுபடாதுங்களே. மண்ணு சொல்லணுமாம்.”

“எப்படிய்யா தயிர் வந்துச்சு உன் மண்ணுல?”

உள்ளேயிருந்து ராஜம்மாள் வந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, “நான்தாங்க ஒரு கரண்டி ஊத்துனேன். வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரலை” என்றாள்.

காயாரோகணம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மூவரும் ஒன்றாகத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினார்கள். மடத்துக் காரியஸ்தரும் குத்தகைக்காரரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனதை வேலங்கரம்பை அன்றுதான் பார்த்தது.

அலுவலகத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாண்புமிகு அமைச்சர் மறுநாள் வருகிறார், செந்தமிழ்க் கோலனை உலகுக்கு அறிவிக்க! ராஜம்மாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஜெயா சட்டென்று நுண்ணோக்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. ரெங்கசாமியின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு அரசாங்க நிறத்துக்குத் திரும்பியது.

“இதோ பாருங்கம்மா. நீங்க ஊத்துனது தயிர். நாங்க கண்டுபிடிச்சது அறிவியல். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

“ரெண்டும் ஒரே சட்டிதாங்க” என்றாள் ராஜம்மாள்.

“சட்டி உங்களுது. முடிவு எங்களுது. அறிவிச்ச முடிவை மாத்தறதுக்கு விதி இல்ல. தப்புன்னு ஒத்துக்கறதுக்கு ஒரு அதிகாரி வேணும், அந்தப் பதவியை இன்னும் நிரப்பலை.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “இருந்தாலும் ஒரு விவசாயக் குடும்பம் நேர்ல வந்து வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. பதியாம விடமுடியாது. எவ்வளவு ஊத்துனீங்க?”

“ஒரு கரண்டிங்க.”

“கரண்டி பெருசா, சின்னதா?”

“தயிர்க் கரண்டிங்க. இம்மாம்.”

அவள் கையால் காட்டினாள். ரெங்கசாமி எழுதிக்கொண்டார்.

மறுநாள் அலுவலக வாசலில் விழா. பந்தல், கொடி, ஒலிபெருக்கி. மேடையின் நடுவில் சிவப்புத் துணி விரித்த மேஜையில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், உத்திராபதியின் மண். புலவர்கள் ஆளுக்கொரு வாழ்த்துப்பா படித்தார்கள். ரெங்கசாமி பேச எழுந்தார்.

“இந்தக் கண்டுபிடிப்புக்கு முன், இந்த அலுவலகத்தில் அறுபது பேர் என்ன செய்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. கண்டுபிடித்த பிறகு, நூற்றிருபது பேர் தேவை என்று தெரிகிறது. பாக்டீரியா இரண்டாகப் பிரிந்து வளர்கிறது. அலுவலகமும் அந்த வழியில் வளர அமைச்சர் பெருமான் அருள வேண்டும்!” கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்கள் அந்த அறுபது பேர்.

அமைச்சர் துண்டைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நெல் விளைந்த நிலம் கேட்டிருக்கிறோம்! கரும்பு விளைந்த கழனி கண்டிருக்கிறோம்! தயிர் விளைந்த தரணி இது ஒன்றே! தண்ணீர் தரமாட்டேன் என்கிறான் அண்டை மாநிலத்தான். தராதே! எங்கள் மண்ணில் தயிரே ஊறுகிறது என்று சொல்வோம்! இந்தத் தயிரை விளைவித்த தமிழ் உழவன் எங்கே? மேடைக்கு வரட்டும்!”

உத்திராபதியை இரண்டு பேர் தூக்காத குறையாக மேடையில் ஏற்றினார்கள். தோளில் துண்டு விழுந்தது. அமைச்சர் அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். “உழுபவன் பெயர் ஏட்டில் ஏறும், இது எங்கள் ஆட்சி தந்த உறுதி! இவர் பெயர் ஏறிவிட்டதா?”

“இல்லீங்க. தள்ளுபடி ஆயிடுச்சுங்க” என்றார் உத்திராபதி. ஒலிபெருக்கி அதைத் திருவையாறு வரைக்கும் கொண்டுபோனது.

ரெங்கசாமி ஓடிவந்து அமைச்சரின் காதில், “பால்பண்ணை நிலத்துக்குச் சட்டம் செல்லாதுங்கய்யா” என்றார்.

அமைச்சரும் ரகசியமாகத்தான் பதில் சொன்னார். ஒலிபெருக்கி கையில் இருந்ததை மறந்துவிட்டார். “பத்திரிகைக்காரன் நிக்கறான்யா. சட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம், பேரைச் சேருய்யா!”

பந்தல் அதிர்ந்தது. அவ்வளவு தெளிவான பேச்சை அந்த ஜனங்கள் அதற்கு முன் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

மேடையிலேயே பதிவேட்டைத் திறந்தார்கள். நிலம் பால்பண்ணை இல்லை, சாகுபடி நிலம்தான். ஆனால் விளைகிற பயிர் தயிர். இப்படி ஒரு வழியை ரெங்கசாமி அந்த நொடியில் கண்டுபிடித்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான். குத்தகைதாரர்: உத்திராபதி. உடையவர்: பொற்பிரம்பு மடம். பயிர்: தயிர். மகசூல்: விவசாயக் குடும்பத்தின் வாக்குமூலப்படி, ஒரு கரண்டி. குத்தகை: சட்டப்படி நூற்றுக்கு நாற்பது.

“அய்யா, நாத்து நிக்குதுங்க. நெல்லு நடலாமுங்களா?” என்று உத்திராபதி கெஞ்சினார்.

“ஊடுபயிரா நட்டுக்கோ. தயிருக்கு இடைஞ்சல் இல்லாம.”

உத்திராபதி மேடையிலேயே அழுதுவிட்டார். அமைச்சர் அது தன் பேச்சுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

‘ஒரே இனம்’ என்று காயாரோகணம் வாங்கிய முத்திரை அப்படியே இருந்தது. ஆகவே மடத்துக் குத்தகைக்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் அதே வாரத்தில் ஏறியது. அத்தனை வயலுக்கும் பயிர் தயிர். பால் லாரி வருவது நின்றது. அந்தச் சந்தோஷத்தில் காரியஸ்தர் மற்றதை யோசிக்கவில்லை. வேலங்கரம்பை அந்த வருஷம் கொஞ்சம் தாமதமாக, ஆனால் பாட்டும் கூத்துமாக நட்டது.

அறுவடை முடிந்து தை பிறந்ததும்தான் காரியஸ்தருக்கு அது உறைத்தது. மடத்து வாசலில் குத்தகைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வண்டி இல்லை, மூட்டை இல்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம். களஞ்சியம் திறந்து வைத்த கையோடு காயாரோகணம் நின்றார். ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒரு கரண்டித் தயிரில் நூற்றுக்கு நாற்பதை அளந்து அவர் முன்னால் இருந்த சட்டியில் விட்டார்கள். ஒவ்வொருவரும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பெரிய சுவாமிகளுக்கு ஒரு வேளை மோர்சாதத்துக்குச் சரியாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு காயாரோகணம் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மறு ஆய்வுக்கு நான் மனுப் போட்டுட்டேன்ப்பா. நாளைக்கு உன் வயல்லேர்ந்து ஒரு பிடி மண்ணு கொண்டுபோய்க் குடு. நெல்லுன்னு வரட்டும். உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“ஆகட்டுங்க. அதுக்கென்ன” என்றார் உத்திராபதி. கேட்ட உதவியை இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை மண்ணைத் தூக்குவாளியில் போட்டு மூடப் போனார். ராஜம்மாள் கரண்டியோடு குறுக்கே வந்தாள். சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினாள். இன்னொரு கரண்டி அள்ளினாள். உத்திராபதி அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

“ஒண்ணு போதும்டி. மகசூல் கூடிட்டா குத்தகையை ஏத்திடுவாங்க.”